சைக்கிளுக்கு ஒரு கோடு

இங்கிலாந்தில் வாரிங்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவில் உள்ள தொழில் நகரம். அந்த ஊர்ச் சைக்கிள்காரர்கள் சிலர் சங்கம் ஒன்று வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு சைக்கிள் பாதையைப் பொறுக்கி எடுத்து, அதைப் படம் பிடித்து, கீழே நாலு வரி பாராட்டும் எழுதி வெளியிட்டு வந்தார்கள். அந்தப் படங்களில் பலவற்றைத் தொகுத்து 2007-ல் ஒரு சிறு புத்தகமும் வந்தது. பாராட்டு என்றேனே, அது கல்யாண வீட்டில் சம்பந்தி சாப்பாட்டைப் பாராட்டுகிற மாதிரியான பாராட்டு.

ஒரு பாதை ஆரம்பித்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. சைக்கிளின் முன் சக்கரம் முடிவைத் தாண்டும்போது பின் சக்கரம் இன்னும் ஆரம்பத்தைத் தொடவில்லை என்று சொல்லலாம். இன்னொரு பாதையின் நட்டநடுவில் ஒரு கம்பம் நிற்கிறது. வேறொன்று ஒழுங்காகப் போய்க்கொண்டே இருந்து ஒரு வேலியில் முட்டிக்கொள்கிறது. எல்லாவற்றிலும் தரையில் அழகாக வெள்ளை வர்ணத்தில் சைக்கிள் படம் வரைந்திருக்கிறார்கள். வரைந்தவன் கலைஞன்தான், அதில் சந்தேகமில்லை.

முதல் தடவை இம்மாதிரிப் படங்களைப் பார்க்கிறவன் வாய்விட்டுச் சிரிப்பான். இரண்டாம் தடவை, இதற்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்களே என்று தோன்றும். மூன்றாம் தடவை ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். மோசமான சைக்கிள் பாதை, பாதையே இல்லாததைவிட மேலா? ஒன்றுமில்லாததற்கு ஏதாவது இருக்கட்டுமே என்பது ஒரு கட்சி. அரைகுறையாக இருப்பதைவிட இல்லாமலே இருக்கட்டும் என்பது மற்றொரு கட்சி. நான் இஞ்சினீயர் அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் மனிதர்கள் எதை நம்பி எந்த வழியில் போகிறார்கள் என்பது கதைக்காரனுக்கும் உரிய விஷயம்தான் என்பதால் துணிந்து அபிப்பிராயம் சொல்லுகிறேன்.

இந்தப் பாதைகள் எப்படிப் பிறக்கின்றன என்று முதலில் பார்க்கலாம். முட்டாள்கள் போட்டவை என்று தள்ளிவிடுவது சுலபம், ஆனால் அது உண்மையல்ல. போட்டவர்கள் படித்தவர்கள். சாலை ஒன்று இருக்கிறது. அதில் மோட்டார்களுக்கு வேண்டிய இடத்தை முதலில் ஒதுக்கியாகிவிட்டது. வண்டி நிறுத்துவதற்கும் ஒதுக்கியாகிவிட்டது. மிச்சம் ஓரத்தில் மூன்று அடி. அந்த மூன்று அடிக்குக் கோடு கிழித்தால் சைக்கிளுக்கும் செய்தோம் என்று ஃபைலை மூடலாம். சாலை அகலமாக இருக்கிற இடத்தில் கோடு சுகமாகப் போகும். சாலை குறுகும் இடத்தில், அதாவது சைக்கிள்காரனுக்கு உண்மையிலேயே பாதுகாப்பு வேண்டிய இடத்தில், கோட்டுக்கு இடமில்லாமல் நின்றுவிடும். நாற்சந்தி வந்தால் அதற்குப் பத்து கெஜம் முன்னாலேயே மறைந்துவிடும். வருஷ அறிக்கையில் எழுதுவது எத்தனை மைல் கோடு என்றுதானே தவிர, எந்த இடத்தில் கோடு இல்லை என்றல்ல.

இங்கிலாந்தில் இந்தக் கோடுகளில் ஒரு வகை விட்டு விட்டுப் போட்ட கோடு. தேவைப்பட்டால் மோட்டார்கள் அதன்மேல் ஏறிப் போகலாம். தேவை எப்போது என்பதை மோட்டார்காரனே தீர்மானித்துக்கொள்வான். ஓரமாகக் கார்கள் நின்றால் கோடு அந்தக் கார்களின் கதவுகளை ஒட்டியே போகும். உள்ளே இருப்பவர் கதவைத் திறந்தால் சைக்கிளில் வருகிறவனுடைய கதி என்ன என்று விவரிக்க வேண்டியதில்லை. இதெல்லாம்கூடப் போகட்டும். பார்க்கின், மேயர்ஸ் என்ற இருவர் கோடு உள்ள சாலையிலும் கோடு இல்லாத சாலையிலும் மோட்டார்கள் சைக்கிளை எவ்வளவு நெருங்கிக் கடக்கின்றன என்று அளந்து 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேகமான சாலைகளில், கோடு இல்லாதபோதுதான் மோட்டார்கள் அதிகமாக விலகிப் போயின. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. கோடு இல்லாவிட்டால் முன்னால் போகிறவன் ஒரு மனிதன். அவனைப் பார்த்து ஒதுங்கவேண்டும். கோடு இருந்தால் அவனுக்கு அவன் இடம், எனக்கு என் இடம். பிறகு பார்ப்பது கோட்டைத்தான், மனிதனை அல்ல. வீட்டைப் பாகம் பிரித்துச் சுவர் எழுப்பிய பிறகு அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதில்லை அல்லவா, அந்தக் கதைதான். இங்கே சுவரும் கிடையாது, வர்ணம் மட்டும்.

இவ்வளவும் ஒரு தனிப் பாதையின் குற்றங்கள். இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்ல 1934-க்குப் போகவேண்டும்.

அந்த வருஷம் பிரிட்டனில் சாலை விபத்தில் 7,343 பேர் இறந்தார்கள். சாலையில் ஓடிய மோட்டார்களின் எண்ணிக்கையோ இன்றைக்கு உள்ளதில் ஒரு சிறு பங்கு. இறந்தவர்களில் சைக்கிள்காரர்கள் கணிசமான பேர். போக்குவரத்து மந்திரி லெஸ்லி ஹோர் பெலிஷா சுறுசுறுப்பான ஆசாமி. பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்தில் ஆரஞ்சு நிற உருண்டை விளக்கு வைத்த கம்பங்களை நட்டவர் அவர்தான். இன்றும் அவர் பெயரால்தான் அவற்றைச் சொல்லுகிறார்கள். அந்த டிசம்பர் மாதம் லண்டனுக்கு மேற்கே வெஸ்டர்ன் அவென்யூ என்ற பெரிய சாலையில் சைக்கிளுக்கென்றே ஒரு தடத்தைத் திறந்து வைத்தார். சாலையின் இரு புறமும் கான்கிரீட் தடம். 8 அடி 6 அங்குல அகலம். நீளம் இரண்டரை மைல். சோதனைக்காகப் போட்டது.

சைக்கிள்காரர்கள் மாலையும் கையுமாக வந்து வரவேற்றிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? கடுமையாக எதிர்த்தார்கள். 1878-லிருந்து நடந்துவந்த சைக்கிளிஸ்ட்ஸ் டூரிங் கிளப் என்ற பழைய சங்கம் அதற்கு முன்னணியில் நின்றது. அதன் காரியதரிசி ஸ்டான்சர் சைக்கிளே உலகம் என்று வாழ்ந்தவர். அவர்கள் சொன்ன காரணங்களைப் படித்தால் அவற்றில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. மோட்டார் ஓடும் சாலை வழவழப்பாக இருந்தது. சைக்கிளுக்குப் போட்ட கான்கிரீட் உடம்பைக் குலுக்கியது. குறுக்கே வந்த ஒவ்வொரு கிளைத் தெருவிலும் தடம் அறுந்து, ஆபத்து அங்கேதான் காத்திருந்தது. சாலையில் போகிறவனுக்கு முன்னுரிமை, தடத்தில் போகிறவனுக்கு நின்று வழிவிடும் கடமை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயம் இருந்தது. இன்று தடம் போடுவார்கள், நாளை தடத்தில்தான் போகவேண்டும் என்பார்கள், மறுநாள் சாலையில் உனக்கென்ன வேலை என்று கேட்பார்கள். வீண் பயம் என்று சொல்வதற்கில்லை. ஜெர்மனியில் அதே 1934-ல் வந்த போக்குவரத்துச் சட்டம், தடம் இருக்கும் இடத்தில் சைக்கிள் தடத்தில்தான் போகவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. தடம் நன்றாக இருக்கிறதா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அதைத் தளர்த்துவதற்கு அங்கே 1998 வரை பிடித்தது.

ஆக, அந்தத் தடத்தைப் பற்றி ஸ்டான்சரும் அவருடைய சங்கத்தாரும் கொண்ட அபிப்பிராயம் சரியானதே. ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு? இந்தத் தடம் மோசம், ஆகவே தடம் என்பதே மோசம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நல்ல தடம் போடு என்று கேட்கவேண்டியவர்கள் தடமே வேண்டாம் என்று கேட்டார்கள். சர்க்காருக்கு இதைவிடச் சௌகரியமான எதிர்ப்பு ஏது? யுத்தத்துக்கு முன்னால் அந்தச் சில வருஷங்களில் இருநூறு மைலுக்கு மேல் தடம் போட்டார்கள். யுத்தம் வந்தது, அந்த வேலை நின்றது, பிறகு யாரும் அதை நினைக்கவில்லை. கேட்க வேண்டியவர்களே கேட்காதபோது கொடுப்பதற்கு யாருக்கு என்ன அவசரம்? 1949-ல் பிரிட்டனில் சைக்கிள்கள் ஒரு வருஷத்தில் ஓடிய தூரம் 1,470 கோடி மைல். 1973-ல் அது 230 கோடி மைலாகிவிட்டது. மோட்டார் பெருகியதுதான் இதற்கு முக்கிய காரணம், சங்கத்தார் தலையில் பழியைப் போடுவது அநியாயம். ஆனால் அந்த இருபத்துநாலு வருஷத்தில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு பாதை கேட்டிருக்கலாம். சாலை எங்களுக்கும் உரிமையானது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உரிமை அவர்களிடமே இருந்தது. சாலையில்தான் அவர்கள் இல்லை.

மோசமான மொழிபெயர்ப்பு செய்கிற காரியமும் இதுவே. டால்ஸ்டாயைச் சிரமப்பட்டு ஒருவர் மொழிபெயர்க்கிறார். படிக்கிறவன் நாற்பது பக்கத்தில் கொட்டாவி விடுகிறான். அவன் மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வதில்லை. டால்ஸ்டாய் என்றால் இவ்வளவுதானா என்று மூடி வைத்துவிட்டு, இனி ஜன்மத்தில் அந்தப் பெயரைத் தொடமாட்டான். ஒன்றுமில்லாததற்கு ஏதாவது இருக்கட்டும் என்று அந்தப் புத்தகத்தை நியாயப்படுத்துகிறவர்கள், அது இல்லாமலிருந்தால் அவனுக்கு டால்ஸ்டாயைப் பற்றி ஓர் ஆசையாவது மிஞ்சியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். நல்லது ஒன்று உண்டு, அதைக் கேட்டுப் பெறலாம் என்ற எண்ணத்தையே அரைகுறைப் பாதை கொன்றுவிடுகிறது. நான் முன்னே சொன்ன பெரிய குற்றம் இதுதான்.

நல்ல பாதை போட்டுவிட்டால் மட்டும் எல்லாம் ஆகிவிடுமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்பதற்கு இங்கிலாந்திலேயே சாட்சி இருக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு 1946-ல் புது நகரங்கள் கட்டச் சட்டம் செய்து, முதலாவதாக ஸ்டீவனேஜ் என்ற ஊரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே இஞ்சினீயராக வந்த எரிக் கிளாக்ஸ்டன் தாமே சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். அவர் போட்ட பாதைகளைப் பற்றி வாரிங்டன்காரர்கள் புத்தகம் போட முடியாது. மோட்டார் சாலையிலிருந்து முற்றிலும் விலகிய, அகலமான, தொடர்ச்சியான பாதைகள். இருபது மைலுக்கு மேல். ரவுண்டானா வந்தால் சைக்கிள் அதன் அடியில் சுரங்கப்பாதையில் போய்விடும்; ஒரு மோட்டாருக்குக்கூட நிற்க வேண்டியதில்லை. ஊர் முழுவதும் சைக்கிள் ஓட்டும் என்று கிளாக்ஸ்டன் கனவு கண்டார். ஊர் கார் வாங்கியது. 2011 ஜனக்கணக்கில், அங்கே வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

இதைக் காட்டி, பாதை என்ன செய்யும், எல்லாம் ஜனங்களின் மனோபாவம் என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. கிளாக்ஸ்டன் சைக்கிளுக்கு நல்ல வழி போட்டார், மோட்டாருக்கு அதைவிட நல்ல வழி போட்டார். கார் எங்கும் தடையில்லாமல் போகலாம், எங்கும் நிறுத்தலாம். இரண்டும் சுகமாக இருந்தால் மனிதன் மழையில் நனையாததைத்தான் தேர்ந்தெடுப்பான். அவன் மனோபாவத்தில் கோளாறு ஒன்றுமில்லை. ஸ்டீவனேஜில் தவறிப்போனது பாதையின் அமைப்பு அல்ல, பாதையைச் சுற்றியிருந்த ஊரின் அமைப்பு. அதைக் கொண்டு மோசமான பாதைக்கு வக்காலத்து வாங்க முடியாது.

ஹாலந்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. ஆனால் ஹாலந்து என்றாலே அங்கே ஜனங்கள் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறக்கிறார்கள் என்று ஒரு கட்டுக்கதை இருக்கிறது. 1950-க்கும் 1970-க்கும் நடுவில் அங்கேயும் சைக்கிள் குறைந்துகொண்டேதான் போயிற்று. 1971-ல் சாலை விபத்தில் இறந்தவர்கள் 3,300 பேர். அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் தம் மகளை அப்படி இழந்தவர். 1972-ல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்பது. அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. மறுவருஷம் எண்ணெய்ப் பஞ்சம் வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தார்கள். சாலை காலியாக இருந்தால் எப்படியிருக்கும் என்று ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள்.

பிறகு அந்த சர்க்கார் செய்த முதல் காரியம் நம் விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது. எழுபதுகளின் நடுவில் ஹேக் நகரிலும் டில்பர்க் நகரிலும் மாதிரிக்காக ஒவ்வொரு நல்ல பாதை போட்டார்கள். தாராளமாகச் செலவு செய்து, அருமையாகப் போட்ட பாதை. விளைவு என்ன? அதில் சைக்கிள்கள் கூடின. ஆனால் விசாரித்துப் பார்த்தால், பக்கத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தத் தெருவுக்கு மாறியிருந்தார்கள். புதிதாகச் சைக்கிளில் ஏறியவர்கள் சொற்பம். வீட்டு வாசலிலிருந்து பாதை வரைக்கும், பாதை முடிந்த இடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் பழைய ஆபத்து அப்படியே இருந்ததே, எப்படி ஏறுவார்கள்? பாதி ஆறுவரை பாலம் கட்டினால் பாதிப்பேர் ஆற்றைக் கடப்பதில்லை.

இங்கேதான் ஹாலந்துக்காரர்களை மெச்சவேண்டும். மாதிரி பலிக்கவில்லை, ஆகவே சைக்கிள் பாதை வீண் என்று அவர்கள் சொல்லவில்லை. டெல்ஃப்ட் என்ற சிறு நகரத்தை எடுத்துக்கொண்டு, எண்பதுகளில், ஊர் முழுவதும் வலைபோல ஒன்றோடொன்று சேரும்படி பாதைகளை இணைத்தார்கள். பெரும்பாலும் விட்டுப்போன கண்ணிகளைச் சேர்க்கிற வேலை. இங்கே ஒரு சிறு பாலம், அங்கே ஒரு சுரங்கம், ஒரு சந்தியில் ஒரு மாற்றம். சைக்கிள் பயணம் கூடியது. ஒரு முறை தவறியதும் இதிலே என்ன தவறு என்று கேட்டவர்கள் அவர்கள். இதுவே தவறு என்றார்கள் 1934-ன் இங்கிலாந்துக்காரர்கள். இன்று ஹாலந்தில் ஜனங்கள் செய்யும் பயணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் சைக்கிளில். இங்கிலாந்தில் நூற்றுக்கு இரண்டு.

இனி லண்டனுக்கு வருகிறேன். 2010 ஜூலையில் அந்த நகரத்தில் சைக்கிள் ராஜபாட்டை என்ற பெயரில் புதிய பாதைகள் திறக்கப்பட்டன. மேயர் போரிஸ் ஜான்சன். அவரும் சைக்கிள் ஓட்டுகிறவர்தான். பெயருக்குத் தகுந்த ஆடம்பரம் இருந்தது. நல்ல நீல வர்ணம். வர்ணத்துக்கு அடியில் பல இடங்களில் பழைய சாலையே இருந்தது. பஸ்ஸும் லாரியும் காரும் அந்த நீலத்தின்மேல் தாராளமாக ஓடின. பெரும்பாலான இடங்களில் விளிம்புக் கல் இல்லை, பிரிவு இல்லை.

கிழக்கு லண்டனில் போ என்று ஒரு ரவுண்டானா. பெரிய நெடுஞ்சாலை ஒன்று அதன் கீழே போகிறது. கனமான லாரிகள் இடப்புறம் திரும்பி அதில் இறங்கும். நம் நாட்டைப்போல அங்கேயும் போக்குவரத்து இடப்பக்கம் என்பதை ஞாபகப்படுத்துகிறேன். நீலப் பாதை சைக்கிள்காரனை இடது ஓரமாக அழைத்துக்கொண்டு போய், சரியாகத் திரும்பும் லாரியின் இடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தியது. லாரியின் மேல் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு அந்த இடம் தெரியவே தெரியாது. 2011 அக்டோபரிலும் நவம்பரிலும், மூன்று வாரத்துக்குள், இரண்டு பேர் அந்த ரவுண்டானாவில் இறந்தார்கள். 2013-ல் நடந்த மரண விசாரணையில், அந்த நீல வர்ணம் யாருக்கு என்ன சொல்லுகிறது, பொய்யான தைரியத்தை அல்லவா கொடுக்கிறது என்று விசாரணை அதிகாரியே சந்தேகம் எழுப்பினார். அந்த நவம்பரில் அதே ரவுண்டானாவில் மூன்றாமவர் இறந்தார். அந்த இரண்டு வாரத்தில் லண்டன் முழுவதிலும் இறந்த சைக்கிள்காரர்கள் ஆறு பேர்.

என் மனத்தை விட்டு அகலாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. இருபது வருஷம் லண்டன் தெருக்களில் ஓட்டிப் பழகியவன் அந்த நீலத்தை நம்பமாட்டான். லாரி பக்கத்தில் வந்தால் நடுச்சாலைக்கு வந்துவிடுவான், அல்லது பின்தங்கி நிற்பான். யார் நம்புவார்கள்? சைக்கிள் ஓட்ட ஆசை இருந்தும் பயந்துகொண்டிருந்தவர்கள். பாதை போட்டுவிட்டார்களாம், இனிப் பயமில்லை என்று போன வாரம்தான் சைக்கிளை எடுத்தவர்கள். ராஜபாட்டை என்று பெயர் வைத்து அழைத்தது அவர்களைத்தான். மோசமான பாதை எல்லோருக்கும் சமமாக மோசமாக இருப்பதில்லை. தெரிந்தவன் அதை ஒதுக்கிவிட்டுப் போய்விடுவான். தெரியாதவனைத்தான் அது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். மரத்தின் மேல் முட்டுகிற பாதையில் இந்தப் பாவம் இல்லை. அது தன் மோசத்தை மறைக்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. வாரிங்டன் புத்தகத்தைப் பார்த்து நாம் சிரிக்க முடிவதும் அதனால்தான்.

2013 நவம்பர் கடைசியில், ஒரு மாலை, ஆயிரம் பேருக்கு மேல் லண்டன் போக்குவரத்து இலாகாவின் தலைமைக் காரியாலயத்துக்கு எதிரே வந்து, சைக்கிள்களைக் கீழே போட்டு, குளிரில் தெருவில் பிணம்போலப் படுத்தார்கள். அவர்கள் நீலக் கோட்டை அழியுங்கள் என்று கேட்கவில்லை. எங்களுக்கு உண்மையான பாதை போடுங்கள் என்று கேட்டார்கள். ஸ்டான்சரின் சங்கம் எண்பது வருஷத்துக்கு முன்னால் கேட்கத் தவறிய கேள்வி அது. 2016-ல் தேம்ஸ் நதிக்கரையோரம் விளிம்புக் கல் வைத்துப் பிரித்த அகலமான பாதை திறந்தது. போவிலிருந்து நகருக்குள் வரும் அந்த நீலக் கோடும் அதே வருஷம் பிரித்த பாதையாக மாற்றிக் கட்டப்பட்டது.

என் எதிர்க்கட்சிக்காரர் இந்த இடத்தில் மேஜையைத் தட்டுவார். பார்த்தீர்களா, நீலக் கோடு இருந்ததனால்தானே அது கல் பாதையாக மாறியது? கோடே இல்லாமலிருந்தால் எதைத் திருத்தியிருப்பார்கள்? ஒன்றுமில்லாததற்கு ஏதாவது என்று நான் சொன்னது சரிதானே?

பாதி சரி. இதை நான் ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. சர்க்கார் காகிதத்தில் ஒரு கோடு ஏறிவிட்டால், அந்த மூன்று அடி இடம் சைக்கிளுக்கு என்று ஒரு தடவை எழுதிவிட்டால், பிறகு அதை ஆறு அடியாக்கு என்று வாதாடுவது, ஒன்றுமில்லாத இடத்தில் ஆரம்பிப்பதைவிடச் சுலபம். கோபத்துக்கு ஒரு விலாசம் கிடைக்கிறது. இந்த வாக்குறுதியை நீதானே கொடுத்தாய் என்று சட்டையைப் பிடிக்கலாம். ஆனால் கோடு தானாகக் கல்லாக மாறவில்லை. ஜனங்கள் தெருவில் படுத்த பிறகு மாறியது. படுப்பதற்கு முன்னால் விசாரணை அதிகாரி கேட்டார், அவர் கேட்பதற்கு முன்னால் சாவுகள் நடந்தன. ஒரு வரைபடத்தைத் திருத்துவதற்கு இது என்ன முறை? தேம்ஸ் கரையில் 2016-ல் போட்டதை 2010-லேயே போட்டிருக்க முடியாது என்று சொல்லுவதற்கு இஞ்சினீயரிங் காரணம் ஒன்றுமில்லை. கல் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருளா என்ன?

ஆகவே என் தீர்ப்பை இப்படி வைக்கிறேன். விளக்கு இல்லாத, சுற்றி வளைத்துப் போகிற, அழகில்லாத பாதை இருக்கட்டும். அது குறையுள்ள பாதை. குறையைச் சொல்லிக்கொண்டே உபயோகிக்கலாம், நாளைக்குத் திருத்தலாம். சந்தியில் கைவிடுகிற பாதையும், கதவுக்கும் லாரிக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்துகிற பாதையும் வேண்டாம். அவற்றை அழித்துவிட்டு வெறும் சாலையாக விடுவது மேல். வெறும் சாலையில் போகிறவனுக்குப் பயமாவது துணைக்கு இருக்கும்.

பிரிட்டிஷ் சர்க்காரே இப்போது ஏறக்குறைய இந்த அபிப்பிராயத்துக்கு வந்திருப்பது எனக்குத் திருப்திதான். 2020 ஜூலையில் சைக்கிள் பாதைகளுக்கு அவர்கள் வெளியிட்ட புதிய விதிகளில், சைக்கிள் ஒரு வாகனம், அதைப் பாதசாரியோடு சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது என்று இருக்கிறது. மும்முரமான சாலையில் வர்ணம் மட்டும் பூசிவிட்டுப் பாதை என்று சொல்லக் கூடாது. துண்டு துண்டாகப் போட்ட பாதையால் பயனில்லை, ஒன்றோடொன்று சேரவேண்டும். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த விதி வேறொன்று. பாதையை வரைகிறவர்கள் தாங்களே சைக்கிளில் ஏறிச் சாலையை அனுபவித்துப் பார்க்கவேண்டும். சமையற்காரர் சாப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று விதி செய்வதற்கு எண்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது.

1934-லும் அதற்கு அடுத்த வருஷங்களிலும் போட்ட அந்தக் கான்கிரீட் தடங்களில் பல இன்னும் இருக்கின்றன என்பது சமீப காலத்தில்தான் மறுபடியும் தெரியவந்தது. பெரிய சாலைகளின் ஓரமாக, புல்வரிசைக்கு அந்தப்புறம், வீடுகளுக்கு முன்னால் கிடக்கின்றன. சாதாரண நடைபாதை என்றோ, வீட்டுக்கு வரும் கிளைச் சாலை என்றோ அங்கே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பல இடங்களில் அவற்றின் மேல் கார்களை நிறுத்தியிருக்கிறார்கள்.